நாலு துளை பியூக்

வாங்கப்போகிறவர் கொச்சியில் இருக்கிறார்.
ஒரே ஒரு நிபந்தனை:
படத்தில் வண்டி மட்டும். ஆள் கூடாது, ஆளின் நிழல்கூட.

லாங் பஜாரில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவன் நான்.
காதைக் காட்டு, வாயை மூடு, முடிந்தது.
பதினேழு அடி நீள முகத்தை
எப்படி நிமிர்த்தி உட்காரவைப்பது?

மேல்விஷாரத்தில் பாலாற்றுக்குள்
மணல் லாரிகள் இறுக்கிவைத்த தடத்தில்
சாக்கு விரித்து இறக்கினோம்.
ஐம்பத்தாறாம் வருஷத்து பியூக்.
கீழே ரோஸ்மில்க், மேலே ஆடை கட்டிய பால்.
ஓட்டிவந்தவர் கமருன்னிசா, தோல் ஷாப் முதலாளி.
கழிவுநீர் நிலையத்துக்குப் பங்குப் பணம் கட்ட
மாதக் கடைசிவரைதான் கெடு.

"முன்னாடி பக்கவாட்டுல எண்ணிக்கோ. நாலு துளை.
மூணு இருந்தா சின்ன வண்டி."
விரலை விட்டுப் பார்த்தேன்.
நகம் முட்டியது.
நாலும் பொய், வளையல் போட்ட பொய்.

காற்று போகாத துளை.
பறக்காத வால்.
பம்பரில் யாரையும் சுடாத இரண்டு குண்டு.
யுத்தம் முடிந்த தேசத்தில்
மிஞ்சிய விமானத்தை
மளிகை வாங்க ஓட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கோடு.
அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
முன்விளக்கருகே புறப்பட்டு
கதவு முழுக்கச் சரிந்து சரிந்து
பின்சக்கரத்தில் மோதப்போகிற நேரம்
துள்ளி எழுந்து போய்விடுகிற வெள்ளிக்கோடு.
நிற்கிற வண்டியை அது ஒன்றே ஓட்டிக்கொண்டிருந்தது.

வெயில் இருக்கும்வரை குரோமைத் தொட முடியாது,
கையாலும் சரி, லென்சாலும் சரி.
காத்திருந்தோம்.
சூரியன் இறங்கிய பிறகு
வானம் விளக்கணைக்க மறந்திருக்கிற பன்னிரண்டு நிமிஷம்.
வாடகை கேட்காத ஸ்டுடியோ.
சக்கரத்தின் உயரத்துக்கு மணலில் படுத்தேன்.
முன்சக்கரத்தைக் கொஞ்சம் ஒடிக்கச் சொன்னேன்,
டயரின் முதுகு வேண்டாம், முகம் தெரியட்டும் என்று.
ஏசுபாதம் தெர்மகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்தான்.
அட்டையைக் காற்று இழுத்தது, அவனை அட்டை இழுத்தது.

பானெட்டில் இரத்தினகிரிக் குன்று தலைகீழாக.
பம்பரில் நான், தவளை.
சக்கர மூடியில் ஏசுபாதம், நான்கு முறை.
துடைத்த இடத்திலெல்லாம்
குட்டியாக, குடைபோல் வளைந்து
கமருன்னிசா: முக்காடு, கைப்பை,
போனில் யாரையோ விளாசுகிற வாய்.
"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."
தள்ளினார்.
கதவிலிருந்து பின்பம்பருக்குப் போனார், அவ்வளவுதான்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கம்ப்யூட்டரில் ஒவ்வொருவராக அழித்தேன்.
முதலில் என்னை. வருத்தமில்லை.
பிறகு ஏசுபாதம்.
சக்கரத்தில் வெளிச்சம் மட்டும் நின்றது,
பிடிக்க ஆளில்லாமல்.
குன்றை விட்டுவைத்தேன், அது ஆள் கணக்கில் வராது.
கமருன்னிசாவை அழிக்க அழிக்க
குரோம் வெளுத்தது.
ஈயம் தேய்ந்த தாம்பாளம்போல் ஆகிவிட்டது.
மணி ஒன்றரை.
திரும்பக் கூப்பிட்டேன், அப்படியே வந்து நின்றார்,
போனை காதிலிருந்து எடுக்காமல்.

காலையில் அவரே கடைக்கு வந்தார்.
திரையில் மூக்கு படுகிற தூரத்தில் குனிந்தார்.
"இது நானா?"
"ஆமாம்மா. எடுத்தா வண்டி செத்துப்போவுது."

பெருமூச்சு வரும் என்று ஸ்டூலை நகர்த்திப்போட்டேன்.
உட்காரவில்லை.
எண்ணினார், துளையை எண்ணச் சொன்ன அதே குரலில்,
ஒவ்வொரு பம்பரிலும் விரல் வைத்து.
பதினாலு படத்தில் ஒன்பது.
இந்த முறை விரல்
உள்ளே போய் வந்ததுபோல்தான் இருந்தது எனக்கு.

"கொச்சிக்கு எழுது.
வண்டி பேசின விலை.
நான் இருக்கிறதுக்கு இருபத்தஞ்சாயிரம் மேல."

படியில் இறங்கியவர் திரும்பினார்.
"அந்த வாயை மட்டும்
மூடிவிட முடியுமா?"